ஆண் கேபினா, பெண் கேபினா: திருநர் பிள்ளைகளின் கோடை முகாம், ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை இரண்டு, இரண்டரை மாதம். அதில் ஒரு வாரமோ ஒரு மாதமோ ஏரிக்கரையில் மரக் கேபின்களில் தங்கிவிட்டு வருவது அங்கே தலைமுறைகளாக இருந்துவரும் வழக்கம். 1861-இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிரெடரிக் கன் என்ற பள்ளி ஆசிரியர் தன் மாணவர்களைக் கடலோரத்துக்கு நடத்திக்கொண்டுபோய்க் கூடாரம் அடித்துத் தங்கவைத்ததிலிருந்து இந்த வரலாற்றைச் சொல்லத் தொடங்குவார்கள். துடுப்புப் படகு, நீச்சல், வில் வித்தை, இரவில் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பாட்டு என்று நிகழ்ச்சி நிரல் இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை.

மாறாத இன்னொன்றும் உண்டு. விண்ணப்பப் படிவத்தில் பெயருக்குப் பக்கத்திலேயே ஆணா பெண்ணா என்ற கட்டம் இருக்கும். பிள்ளை எந்தக் கேபினில் படுப்பது, எங்கே குளிப்பது, எந்த நீச்சலுடை போடுவது, எந்த அணியில் விளையாடுவது எல்லாம் அங்கே போடும் ஒரு டிக்கில் முடிவாகிவிடும். பள்ளிக்கூடத்தில் ஒரு திருநர் பிள்ளை, அதாவது பிறந்தபோது குறித்த பாலினத்தைத் தனதாக உணராத பிள்ளை, தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு, பாத்ரூம் பக்கமே போகாமல் மாலை வரை ஒப்பேற்றிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்துவிடலாம். முகாமில் வீட்டுக்கு ஓட வழியில்லை. இரவும் பகலும் அதே எட்டுப் பேர், அதே அறை. பெற்றோர் அந்தப் படிவத்தைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவார்கள். முகாமே வேண்டாம் என்று பிள்ளையே சொல்லிவிடுவதும் உண்டு.

பள்ளி நிலவரம் எப்படி என்பதற்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு இருக்கிறது. 2017-இல் 10 மாநிலங்களிலும் 9 பெருநகரப் பள்ளி மாவட்டங்களிலும் எடுத்த கணக்கெடுப்பில், உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 1.8 சதவீதம் பேர் தங்களைத் திருநர் என்று குறித்திருந்தார்கள். அவர்களில் சுமார் 35 சதவீதம் பேர் பள்ளியில் கேலிக்கும் துன்புறுத்தலுக்கும் ஆளானதாகச் சொன்னார்கள். கடந்த 12 மாதத்தில் தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னவர்களும் ஏறக்குறைய அதே 35 சதவீதம். இந்த எண்களை வைத்துக்கொண்டு ஒரு முகாமைத் திட்டமிட்டால் அது ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிடும் அபாயம் உண்டு. இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் கேம்ப் அரனூட்டிக் என்ற முகாம் அந்த வழியில் போகவில்லை. என்னை இதை எழுதத் தூண்டியதே அதுதான்.

தொடக்கம்

நிக் டைச் ஒரு திருநம்பி. சமூகப் பணியாளர். சிறுவயதிலிருந்தே முகாம்களில் ஊறியவர். ஒரு தொண்டு முகாமில் பல ஆண்டுகள் தன்னார்வலராக இருந்தவர், தான் ஆணாக வாழப்போவதாக அங்கே தெரிவித்ததும், இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வளர்ந்த ஆளுக்கே இந்த நிலை என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்ற கேள்வியிலிருந்து 2009-இல் கேம்ப் அரனூட்டிக்கைத் தொடங்கினார். அலாஸ்காவின் தென்கரையில் வாழும் சுகாச் மக்களின் மொழியிலிருந்து எடுத்த பெயர் அது. 2010 கோடையில் முதல் முகாம் கூடியது. சுமார் 40 பிள்ளைகள், ஒரு வாரம். முதல் சில ஆண்டுகள் வேறு முகாம்களின் இடத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். பிறகு கலிபோர்னியாவிலும் ஒரு கிளை, நியூ ஹாம்ப்ஷயரில் சொந்த இடம், குடும்பத்தோடு வந்து தங்கும் முகாம் என்று விரிந்தது.

அது எந்தக் காலம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2009-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இந்தப் பிள்ளைகளைப் ‘பாலின அடையாளக் கோளாறு’ என்ற தலைப்பில்தான் வைத்திருந்தது. 2013 பதிப்பில்தான் அந்தத் தலைப்பு போனது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இதை மனநோய் அத்தியாயத்திலிருந்து வெளியே எடுத்ததற்கு 2019-இல் ஒப்புதல் கிடைத்து, 2022-இல் நடைமுறைக்கு வந்தது. அதாவது, முகாம் தொடங்கியபோது இந்தப் பிள்ளைகளை ஒரே இடத்தில் கூட்டுவதற்கு மருத்துவ உலகம் ஒத்துக்கொண்டிருக்கக்கூடிய காரணம் சிகிச்சை ஒன்றுதான். அரனூட்டிக் அந்தக் காரணத்தைக் காட்டவில்லை. படகு, நீச்சல், கைவினை, நாடகம், தீ மூட்டிப் பாட்டு. மற்ற முகாம்களில் நடக்கும் அதே சமாச்சாரம்தான்.

இதை எந்த வரிசையில் வைத்துப் பார்ப்பது? அரசியல் மேடை என்று பார்ப்பவர்கள் ஆதரிப்போரிலும் உண்டு, எதிர்ப்போரிலும் உண்டு. எனக்கு இது வேறொரு வரிசையில் வருகிறது. இன்சுலின் புழக்கத்துக்கு வந்த மூன்றே ஆண்டில், 1925-இல், மிச்சிகனில் நீரிழிவுப் பிள்ளைகளுக்கென ஒரு கோடை முகாம் நடந்தது. 1932-இல் மாசசூசெட்ஸில் நீரிழிவுள்ள சிறுமிகளுக்காகக் கிளாரா பார்ட்டன் முகாம் வந்தது. 1988-இல் நடிகர் பால் நியூமன் கடும் நோயுள்ள பிள்ளைகளுக்காகக் கனெக்டிகட்டில் ஒரு முகாம் கட்டினார். 1993-இல் எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகளுக்கான முகாம் ஒன்று தொடங்கியது. திருநராக இருப்பது நோயல்ல. ஆனால் இந்த முகாம்களின் கணக்கு ஒன்றுதான். காலையில் எல்லோரும் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொள்ளும் இடத்தில் ஊசியைப் பற்றிப் பேச எதுவும் இல்லை. அதற்கப்புறம் யார் நன்றாக நீந்துகிறார்கள், யார் குறட்டை விடுகிறார்கள் என்பதுதான் பேச்சு. பெரும்பான்மையாக இருப்பது எப்படி இருக்கும் என்று சிறுபான்மைப் பிள்ளைக்கு ஒரு வாரம் காட்டுவதுதான் முகாமின் வேலை. மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

அந்த ஏற்பாடுதான் கடினம்.

படிவம்

இத்தகைய முகாமில் பாதி வேலை பிள்ளை வந்து இறங்குவதற்கு முன்பே, காகிதத்தில் முடிந்துவிட வேண்டும். இன்சூரன்ஸ் அட்டையில் ஒரு பெயர், பிள்ளை வைத்துக்கொண்ட பெயர் வேறு. ஆம்புலன்ஸ் வந்தால் முதல் பெயர் தேவை. சாப்பாட்டுக் கூடத்தில் அந்தப் பெயர் யார் காதிலும் விழக்கூடாது. ஆக, நர்ஸிடம் இருக்கும் பட்டியலும் கேபின் பொறுப்பாளரிடம் இருக்கும் பட்டியலும் ஒன்றாக இருக்க முடியாது.

அதோடு முடிவதில்லை. வீட்டில் யார் யாருக்குத் தெரியும்? கடைசி நாள் காரில் அழைத்துப்போக வரும் பாட்டிக்குத் தெரியுமா? பெற்றோர் பிரிந்திருந்தால் இருவருக்கும் சம்மதமா, ஒருவருக்கு மட்டுமா? வீட்டுக்குப் போடும் கடிதத்தின் உறையில் எந்தப் பெயர்? ஊரில் ஒருவருக்கும் தெரியாமல், பிறப்பிலிருந்தே பெண் என்று எல்லோரும் நம்பும்படி வாழ்கிற சிறுமியும் வருவாள். நேற்றுத்தான் அம்மாவிடம் சொன்ன பையனும் வருவான். அவனுக்குப் பேச ஆள் வேண்டும். அவளுக்குப் பேச்சே வேண்டாம். இருவரும் ஒரே கேபின்.

புகைப்படம் இன்னொரு தலைவலி. வழக்கமான முகாம்கள் அன்றன்றைக்குப் படங்களை இணையத்தில் ஏற்றிவிடும். பெற்றோர் இரவு உட்கார்ந்து தன் பிள்ளை எங்கே என்று தேடுவார்கள். இங்கே ஒரே ஒரு குழுப் படம் தவறான கையில் சிக்கினாலும் யாரோ ஒரு பிள்ளையின் பள்ளி வாழ்க்கை அதோடு போச்சு. எனவே யாருடைய முகம் எங்கே போகலாம் என்பதற்குத் தனித்தனி ஒப்புதல் வேண்டும்.

பெயர் விஷயம் வெறும் மரியாதைக்கான ஏற்பாடு என்று தோன்றலாம். ஸ்டீபன் ரஸ்ஸல் தலைமையிலான குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வு 129 திருநர் இளையோரிடம் இதைத்தான் கேட்டது: வீட்டில், பள்ளியில், வேலையிடத்தில், நண்பர்களிடையே நீங்கள் தேர்ந்த பெயரால் அழைக்கப்படுகிறீர்களா? அப்படி அழைக்கப்படும் இடம் ஒன்று கூடினால் தற்கொலை எண்ணம் 29 சதவீதமும் தற்கொலை முயற்சி போன்ற நடத்தை 56 சதவீதமும் குறைவாக இருந்தது. சிறிய மாதிரி. இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, காரணத்தை நிரூபிப்பது அல்ல. ஆனாலும் முகாம் என்பது அந்தப் பிள்ளைக்கு ஐந்தாவது இடமாகக் கூடுகிறது என்று பார்த்தால், இரண்டு பட்டியல் பராமரிக்கும் சள்ளை பெரிதாகத் தோன்றவில்லை.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 2015-இல் தொடங்கிய ரெயின்போ டே கேம்ப் என்ற பகல் முகாமில் இதைக் கையாண்ட விதம் எனக்குப் பிடித்தது. அங்கே வருபவர்கள் 4 முதல் 12 வயதுப் பிள்ளைகள். காலையில் வந்ததும் ஒவ்வொருவரும் தன் பெயர் அட்டையைத் தானே செய்துகொள்ள வேண்டும். என்ன பெயர், அவனா, அவளா, அவரா என்பதை அன்றைக்கு எழுதிக்கொள்ளலாம். நாளைக்கு வேறு எழுதலாம். சில பிள்ளைகள் தினம் ஒன்று மாற்றிப் பார்த்தார்கள். சிலர் எதுவுமே எழுதவில்லை. அட்டை, கலர் பேனா, கயிறு: செலவு இவ்வளவுதான். 2017-இல் முகாமுக்கு வந்தவர்கள் எண்ணிக்கை மூன்று மடங்காகி 60-ஐத் தொட்டது.

கேபின், குளியலறை, ஏரி

கேபின்களைப் பிரிக்கப் பல வழி உண்டு. பிள்ளை தன்னை எப்படிக் கருதுகிறதோ அதன்படி ஆண், பெண் கேபின் ஒதுக்கலாம். இரண்டிலும் சேராதவர்களுக்கு மூன்றாவது ஒன்று வைக்கலாம். பாலினமே பார்க்காமல் வயதை மட்டும் வைத்துப் பிரிக்கலாம். மூன்றாவது கேபின் வைக்கும் முறை காகிதத்தில் நியாயமாகத் தெரியும். நடைமுறையில் அங்கே ஒதுங்கும் இரண்டு மூன்று பிள்ளைகள் மறுபடி சிறுபான்மை ஆகிவிடுவார்கள். வயது வாரியாகப் பிரிப்பதே மேல் என்று நினைக்கிறேன். ஆனால் பதினைந்து வருடமாகப் பெண்கள் கேபினில் ஒரு இரவு தூங்கக் கனவு கண்ட சிறுமிக்கு அந்தப் பலகையை மறுத்துவிட்டு ‘இங்கே அதெல்லாம் கிடையாது’ என்று சொல்வதும் ஒரு வகையில் ஏமாற்றம்தான். இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை இல்லை. முகாமுக்கு முகாம் வேறுபடுகிறது.

குளியலறையில் விவாதமே வேண்டியதில்லை. தனித்தனித் தடுப்பு, உள்ளே தாழ்ப்பாள், உடை மாற்ற உள்ளேயே இடம். அவ்வளவு இருந்தால் வெளியே என்ன பலகை தொங்கினால் என்ன? பழைய முகாம்களில் இருப்பது திறந்த கூடமும் சுவர் நெடுகக் குழாய்களும். கொள்கை அறிக்கை எழுத ஒரு மாலை போதும். கதவு வைக்கத் தச்சரும் பிளம்பரும் பணமும் வேண்டும். வாடகை இடத்தில் அதுவும் முடியாது. இருக்கிற பலகையைத் துணி போட்டு மூடிவிட்டு நேரம் பிரித்துக் குளிக்க வேண்டியதுதான். சொந்த இடம் வாங்குவது இத்தகைய முகாமுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஏரிதான் சிக்கலான இடம். பருவம் எட்டிய திருநம்பிப் பையன்கள் பலர் மார்பைத் தட்டையாக்கும் பைண்டர் என்ற இறுக்கமான உள்ளாடையைப் போட்டிருப்பார்கள். ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் போடக்கூடாது, போட்டபடி தூங்கக்கூடாது, மூச்சு வாங்கும் உடற்பயிற்சியில் கழற்றிவிட வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. விலா எலும்பு வலிக்கும், மூச்சு முழுதாக இழுக்க முடியாது. ஜூலை வெயிலில் காலை ஏழு மணிக்குப் போட்ட பையன் மதியம் மூன்றுக்கு நீச்சல் சோதனைக்கு நிற்கிறான். கழற்றினால் தண்ணீரில் இறங்க மாட்டான். கழற்றாவிட்டால் உயிர்காப்பாளர் இறங்க விடக்கூடாது. தனியாக அழைத்துப் பேசினால் அவனை மட்டும் சுட்டிக்காட்டியதாகிவிடும். கருநிறத் தொளதொள டி-ஷர்ட்டோடு யார் வேண்டுமானாலும் நீந்தலாம் என்று முகாம் முழுவதற்கும் பொதுவாக விதி போட்டுவிட்டால், சட்டை போட்டிருக்கும் இருபது பேரில் யார் எதற்காகப் போட்டிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. வெயிலில் தோல் கருகாமலிருக்க என்று ஒரு காரணமும் கைவசம் இருக்கிறது. பைண்டரை நேரம் பார்த்துக் கழற்றச் சொல்லும் வேலையைக் கேபினிலேயே, பல் துலக்கச் சொல்வது போல, பொறுப்பாளர் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடலாம்.

நர்ஸ் மேசை

வெளியே இருந்து பார்ப்பவர்கள் இந்த முகாமில் எல்லாப் பிள்ளைகளும் ஹார்மோன் எடுத்துக்கொள்வதாக நினைப்பார்கள். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு இதற்கென்று எந்த மருந்தும் கிடையாது. பருவம் தொடங்குவதற்கு முன் மருந்து வேண்டாம் என்பதே நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் எண்டோகிரைன் சொசைட்டி 2009-இலும் 2017-இலும் வெளியிட்ட வழிகாட்டுதல். அந்த வயதில் நடப்பதெல்லாம் முடி, உடை, பெயர். பருவத்தைத் தள்ளிவைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் மாதக்கணக்கில் ஒரு தடவை ஊசி அல்லது தோலுக்கடியில் வைக்கும் சிறு குச்சி. ஒரு வார முகாமில் அது பெரும்பாலும் குறுக்கே வராது.

குறுக்கே வருவது மூத்த பையன்கள் எடுக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன். வாரம் ஒரு ஊசி என்றால் முகாம் வாரத்தில் ஒன்று நிச்சயம் விழும். 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமெரிக்காவில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. விளையாட்டு வீரர்கள் ஊக்கமருந்தாகப் பயன்படுத்தியதால் வந்த சட்டம் அது. அதனால் பூட்டிய பெட்டி, கையெழுத்துப் புத்தகம், பாட்டிலில் மீதி எவ்வளவு என்ற கணக்கு எல்லாம் வேண்டும். தானே போட்டுக்கொள்ளப் பழகிய பையன் இருப்பான், அம்மா இல்லாமல் ஊசியைப் பார்க்கவே முடியாத பையனும் இருப்பான். நீரிழிவு முகாம்கள் நூறு ஆண்டாகச் செய்துவரும் வேலைதான் இது. அவர்களிடமிருந்து கற்க நிறைய இருக்கிறது. அதே மேசையில் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உள்ள மாத்திரைகளும் இருக்கும். முகாம் நன்றாகப் போகிறது என்பதற்காக ஒரு பிள்ளை தன் மாத்திரையை நான்காம் நாள் நிறுத்திவிடுவதுதான் ஹார்மோனை விட நர்ஸ் பயப்பட வேண்டிய விஷயம்.

வளர்ந்த ஆட்கள்

அமெரிக்க முகாம் சங்கத்தின் தரவிதிப்படி, தங்கும் முகாமில் 9 முதல் 14 வயது வரை எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். அதற்கு மேல் 18 வரை பத்துக்கு ஒருவர். எண்ணிக்கை யாரும் நிரப்பிவிடலாம். யார் அந்த ஆள் என்பதில்தான் அரனூட்டிக்கின் சரக்கு இருக்கிறது. பொறுப்பாளர்களில் திருநர்கள் இருக்கிறார்கள். முப்பது வயதில் ஒரு திருநம்பி துடுப்பு எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுக்கிறார். அவருக்குப் பாட்டு வராது, ஆனாலும் பாடுவார், எல்லோரும் சிரிப்பார்கள். பல பிள்ளைகள் தங்களைப் போன்ற ஒரு பெரியவரைச் செய்தியிலோ திரையிலோதான் பார்த்திருப்பார்கள், அதுவும் அடிபட்டவராக, சண்டை போடுபவராக, அல்லது நட்சத்திரமாக. வேலைக்குப் போய், வாடகை கட்டி, விடுமுறையில் பிள்ளைகளோடு படகோட்ட வந்த சாதாரண ஆளாகப் பார்த்திருக்க மாட்டார்கள். தனக்கும் முப்பது வயது வரும் என்பதை ஒரு பிள்ளை நம்புவதற்கு இதைவிட நேரடியான வழி எனக்குத் தெரியவில்லை. வயது தாண்டிய முகாம் பிள்ளைகள் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்து, பிறகு பொறுப்பாளராகத் திரும்பி வர வழி வைத்திருப்பதும் இதனால்தான் அர்த்தமாகிறது.

இடம் எங்கே என்று முகாம் வெளியில் சொல்லாமல் வைத்திருந்தது பற்றி ஒரு வார்த்தை. பாதுகாப்புக்காகப் பதிவு செய்த குடும்பங்களுக்கு மட்டும் இடம் தெரியும். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நன்கொடை திரட்டவும், புதுக் குடும்பங்களை எட்டவும் விளம்பரம் வேண்டும். பக்கத்து ஊர் தீயணைப்பு நிலையமும் ஆஸ்பத்திரியும் எப்படியும் தெரிந்துகொண்டாக வேண்டும். ஒளித்து வைக்கிற ரகசியம் அல்ல இது, விலாசத்தை அச்சடிக்காமல் இருப்பது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது எளிதல்ல.

இன்னும் தெரியாத பிள்ளை

இதுவரை சொன்னது பெரும்பாலும் தன்னை இன்னார் என்று தெளிவாகச் சொல்லும் பிள்ளைகளைப் பற்றி. அரனூட்டிக் ஆரம்பத்திலிருந்தே திருநர் பிள்ளைகளோடு பாலின மாறுபாடு கொண்ட பிள்ளைகளையும் சேர்த்தே அழைத்தது. பாவாடை பிடிக்கும், ஆனால் நான் பையன்தான் என்கிற ஏழு வயதுப் பிள்ளையும் இதில் அடக்கம். லிண்ட்ஸே மாரிஸ் என்ற புகைப்படக் கலைஞர் பல ஆண்டுகள் படமெடுத்த ஒரு குடும்ப முகாம் இத்தகைய பிள்ளைகளுக்கானது. பெற்றோர், உடன்பிறந்தவர்களோடு சில நாள் தங்குவார்கள். முடிவில் பிள்ளைகளின் உடை அலங்கார அணிவகுப்பு நடக்கும். 2012-இல் நியூயார்க் டைம்ஸ் இதழின் அட்டைக் கட்டுரை வழியாக அந்தப் பிள்ளைகளின் உலகம் பரவலாகத் தெரியவந்தது. வளர்ந்தபின் அவர்கள் என்னவாக இருப்பார்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல முடியாது.

சர்ச்சையும் இங்கேதான். நான்கு வயதுப் பிள்ளையைப் பாலின முகாமில் சேர்ப்பது அதன் மனத்தில் ஒரு விடையைத் திணிப்பதாகாதா என்பது எதிர்ப்பவர்கள் கேள்வி. சிறாருக்கான பாலின மருத்துவ சேவையை ஆராய்ந்து 2024 ஏப்ரலில் வெளியான பிரிட்டனின் காஸ் அறிக்கையும், சிறு வயதில் பெயர், உடை, சமூக அடையாளத்தை மாற்றுவதை ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குச் சமமாகக் கருத முடியாது, அதில் கவனம் வேண்டும் என்றது. மறுபக்கம், கிறிஸ்டினா ஓல்சன் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வு, குடும்ப ஆதரவோடு அடையாளம் மாறி வாழ்ந்த 3 முதல் 12 வயதுள்ள 73 பிள்ளைகளிடம் மனச்சோர்வு மற்றப் பிள்ளைகளின் அளவிலேயே இருந்ததாகவும் பதற்றம் மட்டும் சற்றுக் கூடுதல் என்றும் காட்டியது.

நான் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் பதில் முகாமின் பெயரில் இல்லை, அது நடக்கும் விதத்தில் இருக்கிறது. அட்டையை நாளைக்கு மாற்றி எழுத முடிகிறதா? போன வருடம் சிறுமியாக வந்த பிள்ளை இந்த வருடம் பையனாகவே திரும்பி வந்தால் பொறுப்பாளர் முகம் சுருங்குமா? சுருங்கினால் எதிர்ப்பவர்கள் சொல்வது சரி. பிள்ளை மாறிக்கொள்ள இடம் கொடுக்கும் முகாம், வீட்டிலும் பள்ளியிலும் ஏதோ ஒரு பக்கம் உறுதியாக நிற்கச் சொல்லி நெருக்குவதைவிட மேலானது.

பயன் என்ன, யாருக்கு?

முகாமுக்குப் போய்வந்த பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் சொல்வது எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். அளந்து பார்த்தவர்கள் குறைவு. கலிபோர்னியாவில் தன்பால் ஈர்ப்பினர், திருநர் முதலான பால்புதுமை இளையோருக்குத் தலைமைப் பண்பை மையமாக வைத்து நடக்கும் முகாமை ட்ரேசி கில்லிக் குழு ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டது. முகாமுக்குப் பின் மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்திருந்தன, நம்பிக்கையும் தன் அடையாளத்தை ஏற்றுக்கொள்ளும் மனமும் கூடியிருந்தன. முன்னும் பின்னும் அளப்பதில் வழக்கமாக உள்ள குறை இதற்கும் உண்டு. எந்த முகாமிலிருந்து வந்தாலும் பிள்ளைகள் கொஞ்சம் உற்சாகமாகத்தான் வருவார்கள். பள்ளி திறந்து அக்டோபர் வரும்போது அதில் எவ்வளவு மிச்சம் என்பதுதான் விஷயம். முகாம் முடிந்த வாரமே சில பிள்ளைகள் முன்பைவிடச் சோர்ந்து போவதும் உண்டு. பெரும்பான்மையாக இருந்து பார்த்துவிட்டு மறுபடி ஒற்றை ஆளாவது லேசானதல்ல.

இன்னொரு குறை எந்த ஆய்வாலும் சரிக்கட்ட முடியாதது. முகாமுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அமெரிக்காவில் தங்கும் முகாம் ஒரு வாரத்துக்கு ஆயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். கட்டணத்துக்கு உதவித்தொகை கொடுக்கலாம், கொடுக்கிறார்கள். கையெழுத்துக்கு உதவித்தொகை இல்லை. அதனால் முகாமுக்கு வந்து சேர்வது வீட்டில் ஓரளவு ஏற்கப்பட்ட பிள்ளைதான். வீட்டில் வாயே திறக்க முடியாத பிள்ளை, அந்தக் கணக்கெடுப்பின் 35 சதவீதத்தில் இருக்கும் பிள்ளை, வரவே வராது. கனடாவில் 2004-இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கேம்ப் ஃபயர்ஃபிளை 14 முதல் 24 வயது வரை எடுத்துக்கொள்வதால், தன் கையெழுத்தைத் தானே போடும் வயதினருக்கும் அங்கே இடம் உண்டு. சிறுவர்களுக்கு அப்படி ஒரு வழி இல்லை.

ஆகவே பெற்றோரைக் கூட்டும் குடும்ப முகாம்களுக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். பிள்ளைகள் ஏரிக்குப் போனபின் சாப்பாட்டு மேசையில் மிஞ்சும் பெற்றோர்தான் அங்கே உண்மையான முகாம்வாசிகள். ‘பாட்டிக்கு எப்படிச் சொன்னீர்கள்’, ‘பள்ளி முதல்வர் என்ன சொன்னார்’ என்று ஆரம்பிக்கும். ஒரு அப்பா இரண்டு நாள் ஓரமாகவே உட்கார்ந்திருப்பார். மூன்றாம் நாள் வேறொரு அப்பாவோடு பார்பிக்யூ அடுப்படியில் நின்று பேசிக்கொண்டிருப்பார். பிள்ளைக்கு ஒரு வாரம் நல்ல இடம் கிடைப்பதும், மீதி ஐம்பத்தொரு வாரம் அந்தப் பிள்ளையோடு இருப்பவர் கொஞ்சம் மாறுவதும் ஒன்றல்ல.

மற்ற முகாம்களும் சட்டமும்

தனி முகாம் எத்தனை வந்தாலும் பெரும்பாலான திருநர் பிள்ளைகள் போவது, போனால், சாதாரண முகாமுக்குத்தான். அங்கேயும் சில அசைவுகள். 2015-இல் மேற்கு வாஷிங்டன் பெண் சாரணர் அமைப்புக்கு ஒருவர் 1,00,000 டாலர் கொடுத்து, இதைத் திருநர் சிறுமிகளுக்குச் செலவிடக்கூடாது என்று நிபந்தனை போட்டார். அமைப்பு பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பொதுமக்களிடம் கேட்டது. மூன்று மடங்குக்கு மேல் சேர்ந்தது. 2017 ஜனவரியில் ஆண் சாரணர் அமைப்பு, பிறப்புச் சான்றிதழைப் பார்க்காமல் விண்ணப்பத்தில் எழுதியதை வைத்துச் சேர்ப்பதாக அறிவித்தது.

எதிர்த் திசையிலும் வேகம் குறையவில்லை. 2025-இல் கொலராடோவில் ஒரு கிறித்தவ முகாம், குளியலறையும் தங்குமிடமும் பிள்ளையின் பாலின அடையாளப்படி இருக்க வேண்டும் என்ற மாநில விதியை எதிர்த்து வழக்குப் போட்டது. மத அமைப்புகளுக்கு அது பொருந்தாது என்று மாநிலம் ஒத்துக்கொண்டதோடு வழக்கு முடிந்தது. அதே ஆண்டு ஜூன் 18 அன்று, சிறார்களுக்குப் பருவத் தடை மருந்தும் ஹார்மோனும் கொடுக்கத் தடை விதித்த டென்னசி மாநிலச் சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. 2021-இல் ஆர்கன்சாவில் தொடங்கிய இத்தகைய தடை அதற்குள் 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் வந்திருந்தது.

முகாம்களில் இதன் முதல் பாதிப்பு நர்ஸ் மேசையில்தான். நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகளை அழைக்கும் முகாமுக்குத் தடை உள்ள மாநிலத்துப் பிள்ளையும் வரும். மருந்துச் சீட்டு எந்த மாநில மருத்துவர் எழுதியது, வழியில் பாட்டில் உடைந்தால் அந்த வாரத்து ஊசிக்கு யாரைக் கூப்பிடுவது, வீட்டுக்குத் திரும்பும்போது கையில் கொடுத்தனுப்பும் மருத்துவக் குறிப்பில் எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்று ஜூன் மாதம் பிறக்கும் முன்பே வழக்கறிஞரை வைத்துப் பேசி முடிக்க வேண்டிய பட்டியல் ஒன்று இப்போது சேர்ந்திருக்கிறது. 2010-இல் ஒரு வாரத்துக்கு 40 பிள்ளைகளைக் கூட்டியபோது அந்தப் பட்டியல் இல்லை.